ஓடுகிற வண்டியில் ஏறும் நிரல்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தின் 14ஆம் பாடம், பைத்தான் நிரலுக்குள் சி பிளஸ் பிளஸ் நிரலைக் கொண்டுவருவது பற்றியது. 2019-20 கல்வியாண்டில் புதிய பாடத்திட்டத்தோடு வந்தது. ஆலங்குடியோ, கறம்பக்குடியோ, மணமேல்குடியோ, புதுக்கோட்டை மாவட்டத்தின் எந்த மூலையில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளையும் இந்தப் பாடத்தைத் தாண்டித்தான் செய்முறைத் தேர்வுக்குப் போக வேண்டும். பெரும்பாலும் மனப்பாடம் செய்து தாண்டிவிடுகிறார்கள். என் அக்கா மகள் தாண்டவில்லை, நின்றுவிட்டாள்.

“மாமா, இதுல இம்போர்ட்னு போட்டிருக்கு. ஆனா உள்ள எதுவுமே வரலையே?”

சர்வர் நிரல் எழுதியே பதினைந்து வருடம் சம்பளம் வாங்கியவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்கு அந்தப் பாடத்தை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

அந்த நிரல் ஏறக்குறைய இருபது வரி. கட்டளை வரியில் ஒரு கோப்பின் பெயரைத் தருகிறோம். பைத்தான் அதன் வாலில் ‘சிபிபி’ என்று ஒட்டி மூலநிரலின் பெயரையும், ‘இஎக்ஸ்இ’ என்று ஒட்டி பிறக்கப் போகும் கோப்பின் பெயரையும் உண்டாக்குகிறது. பிறகு ஜி பிளஸ் பிளஸ் என்ற கம்பைலரை அழைக்கும் கட்டளையை ஒரே சரமாகக் கோத்து, ‘ஓஎஸ்.சிஸ்டம்’ என்ற செயற்கூறின் கையில் கொடுக்கிறது. கம்பைலர் வேலையை முடித்ததும் பிறந்த கோப்பையும் அதே வழியில் ஓட்டுகிறது. எடுத்துக்காட்டாகத் தந்திருப்பது, ஓர் எண் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதானா என்று பார்க்கும் நிரல்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், தான் தொடங்கியபோது இல்லாத இன்னொரு நிரலைக் கம்பைல் செய்து ஓட வைக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் இது பாதிதான். பிறந்த நிரல் தனி ஆளாக ஓடி, திரையில் எழுதிவிட்டுச் செத்துப்போகிறது. பைத்தானுக்குள் அதன் ஒரு செயற்கூறுகூட வந்து சேர்வதில்லை. பக்கத்து வீட்டு அடுப்பில் சமைக்கச் சொல்லிவிட்டு நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசம் பிடிப்பது மாதிரி. தட்டில் எதுவும் விழாது. தட்டில் விழ வைக்கும் வழிகளின் பெயர்களும் அதே பாடத்தில் இருக்கின்றன: சிடைப்ஸ், சைத்தான், ஸ்விக், பூஸ்ட் பைத்தான். பட்டியல் என்பதால் அதை மதிப்பெண் கேள்விக்கு மட்டும் படிக்கிறார்கள். விஷயம் முழுக்க அந்தப் பட்டியலுக்குள்தான் கிடக்கிறது.

ஓடும் நிரலுக்குள் இன்னொரு நிரலைக் கொண்டுவருவதன் வேர், கணினியின் பிறப்பிலேயே இருக்கிறது. கட்டளையும் தரவும் ஒரே நினைவகத்தில் இருக்கலாம் என்ற யோசனை, 1945இல் வான் நியூமன் பெயரில் வந்த எட்வாக் அறிக்கையில் எழுத்துவடிவம் பெற்றது. அப்படி நினைவகத்தில் வைத்த நிரல் முதன்முதலாக ஓடியது 1948 ஜூன் 21 அன்று, மான்செஸ்டரில். (அதே ஆண்டு மார்ச் 3ஆம் தேதிதான் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்கு நினைவு வைத்துக்கொள்ள வசதி, அவ்வளவுதான்.) இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால், இன்று தரவாகக் கிடப்பது நாளை கட்டளையாக எழுந்து நிற்கலாம். ஒரு நிரல் எண்களை எழுதும். அடுத்த நொடி அந்த எண்களையே கட்டளையாக எடுத்துக்கொண்டு ஓடும். தரவு எந்த நொடியில் நிரலாகிறது, அந்த நொடியின் சாவி யார் கையில் இருக்கிறது? நான் பார்த்தவரை இந்தத் துறையின் எல்லாச் சண்டைகளும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

தரவை நிரலாக்குவதை முதலில் அழகாகச் செய்துகாட்டிய மொழி லிஸ்ப். ஜான் மெக்கார்த்தி அதை விவரித்த கட்டுரை 1960இல் வெளியானது. ‘இவால்’ என்ற செயற்கூறைக் காகிதத்தில் ஒரு கோட்பாடாக மட்டுமே அவர் எழுதியிருந்தார். அவரிடம் வேலை பார்த்த ஸ்டீவ் ரசல் அதை ஐபிஎம் 704 கணினியின் மொழியில் கையால் எழுதி ஓட்டிக் காட்டிவிட்டார். எழுத்தைக் கொடுத்தால் செயலாக்கித் தரும் வாசல் அன்றே திறந்துவிட்டது. 1968இல் கென் தாம்சன் இன்னொரு படி ஏறினார். பயனர் தேடும் எழுத்துக்கோலத்தைப் படித்து, அதைத் தேடுவதற்கென்றே ஐபிஎம் 7094 கணினிக்கு அந்த இடத்திலேயே இயந்திரமொழி நிரல் எழுதித் தரும் முறையை வெளியிட்டார். எதைத் தேடப் போகிறோம் என்று தெரிந்த பிறகு பிறக்கும் நிரல், தெரியாமல் பொதுவாக எழுதி வைத்த நிரலைவிட வேகமாக ஓடும். தாமதமாக மொழிபெயர்ப்பதன் லாபம் இதுதான். காத்திருந்தால் தகவல் வந்து சேர்கிறது.

புதுக்கோட்டை திலகர் திடலில் வட இந்தியத் தலைவர் ஒருவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேச்சு முன்கூட்டியே எழுத்தில் வந்திருந்தால் உட்கார்ந்து நிதானமாக மொழிபெயர்த்து அச்சடித்துவிடலாம். சி, சி பிளஸ் பிளஸ் கம்பைலர்கள் செய்வது அது. அவர் ஒரு வாக்கியம் பேசப் பேச, பக்கத்தில் நிற்பவர் ஒரு வாக்கியம் தமிழில் சொல்வது இன்டர்பிரெட்டர். பாடப்புத்தகத் தமிழில் வரிமொழிமாற்றி. மூன்றாவதாக ஒரு கெட்டிக்காரர் உண்டு. தலைவரோடு நாலு ஊர் சுற்றியவர். தலைவர் எந்த வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியும். அந்த வரிக்கு மட்டும் கைதட்டல் வாங்கும்படி ஒரு தமிழ் வரியை மெருகேற்றித் தயாராக வைத்திருப்பார். மற்றதை வாய்க்கு வந்தபடி சமாளிப்பார். இந்த மூன்றாமவரின் பெயர்தான் ஜஸ்ட் இன் டைம் கம்பைலர், சுருக்கமாக ஜிட்.

ஸ்மால்டாக் மொழிக்கு இதைச் செய்து பீட்டர் டாய்ச்சும் ஆலன் ஷிஃப்மனும் 1984இல் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல். செல்ஃப் என்ற ஆய்வு மொழி அதை வளர்த்தது. அங்கே கற்றதை சன் நிறுவனம் ஜாவாவுக்குக் கொண்டுவந்து, 1999இல் ஹாட்ஸ்பாட் என்ற பெயரில் வெளியிட்டது. எந்தப் பகுதி அடிக்கடி ஓடிச் சூடாகிறதோ அதை மட்டும் இயந்திரமொழிக்கு மாற்றுவது என்பது பெயரிலேயே இருக்கிறது. 2008இல் குரோம் உலாவியோடு வந்த வி8, ஜாவாஸ்கிரிப்ட்டையும் ஓடும்போதே இயந்திரமொழிக்கு மாற்றியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஜிட் துணிந்து ஊகிப்பதும், ஊகம் தப்பினால் மானம் பார்க்காமல் பின்வாங்குவதும். ஒரு செயற்கூறுக்கு ஆயிரம் முறை முழு எண்ணே வந்திருக்கிறது என்றால், இனியும் முழு எண்தான் வரும் என்று நம்பி, மற்ற சோதனைகளையெல்லாம் வெட்டிவிட்டு வேகமான நிரல் ஒன்றைச் செய்து வைக்கும். வாசலில் மட்டும் ஒரு சின்னக் காவல். ஆயிரத்தோராவது முறை ஒரு சொல் வந்து நின்றால் காவல் தடுக்கும். வேகமான நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாதியில் விட்ட இடத்திலிருந்து பழைய மெதுவான பாதையில் தொடரும். ஓடுகிற வண்டியின் சக்கரத்தை ஓடும்போதே கழற்றி மாட்டுகிற வேலை. பயனருக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரியாது.

முன்கூட்டியே மொழிபெயர்ப்பதா, ஓடும்போதா என்ற இழுபறியைக் கைப்பேசி வைத்திருப்பவர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தவர்கள்தான். ஆண்ட்ராய்டில் ஜிட் வந்தது 2010இல், 2.2 பதிப்பில். 2014இல் வந்த 5.0 பதிப்பில் அதைத் தூக்கிவிட்டு, செயலியை நிறுவும்போதே முழுதாக மொழிபெயர்க்கும் முறைக்கு மாறினார்கள். விளைவு, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் செயலிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே அரைமணி நேரம் நின்ற திரை. 2016இல், 7.0 பதிப்பில், இரண்டையும் கலந்துவிட்டார்கள். முதலில் ஜிட், எது சூடு என்று குறித்துக்கொண்டு, இரவு சார்ஜில் கிடக்கும்போது அதை மட்டும் நிரந்தரமாக மொழிபெயர்ப்பது.

மொழிபெயர்த்தாயிற்று. அடுத்தது ஏற்றுவது. மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் ஏற்றுவதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் நடைமுறையில் ஆளைக் கொல்வது அதுதான். ஒரு நிரல்துண்டு நினைவகத்தில் எந்த முகவரியில் போய் உட்காரும் என்று அது பிறக்கும்போது தெரியாது. உட்கார்ந்த பிறகு, அதற்குள் இருக்கும் ‘அங்கே போ’, ‘இங்கே பார்’ எல்லாவற்றையும் புதிய முகவரிக்கு ஏற்பத் திருத்த வேண்டும். நிரலை ஏற்றும் லோடர் இதைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடுகிறது. மனிதர்கள் கையால் செய்து பார்த்ததும் உண்டு. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1, 2023 நவம்பரில் பொருளற்ற தரவை அனுப்பத் தொடங்கியது. அதன் கணினி ஒன்றில் ஒரு சில்லு பழுதாகி, நினைவகத்தில் சுமார் 3 சதவீதம் கெட்டுப்போயிருந்தது. அங்கே இருந்த நிரலைத் தூக்கி வைக்க ஒரே இடமாகக் காலி இல்லை. எனவே நாசா பொறியாளர்கள் அதைத் துண்டு துண்டாக்கி, கிடைத்த சந்துகளில் செருகி, துண்டுகள் ஒன்றையொன்று கூப்பிடும் முகவரிகளைத் திருத்தி, 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். செய்தி போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. ஏப்ரல் 20 அன்று வாயேஜர் ஒழுங்காகப் பேசியது. ஓடுகிற வண்டியில் நிரலை ஏற்றிய கதைகளில் இதைவிடத் தூரமானது எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் வீட்டுக் கதை அவ்வளவு தூரமில்லை. அக்கா மகளின் பழைய மடிக்கணினியில், திரையில் எழுதும் வரிகளையெல்லாம் எடுத்துவிட்டு, எண்ணைச் சோதிக்கும் செயற்கூறை மட்டும் ‘பாலி’ என்ற கோப்பில் வைத்துக்கொண்டோம். ஜி பிளஸ் பிளஸுக்கு ‘ஷேர்டு’ என்ற ஒரு சொல்லைக் கூடுதலாகக் கொடுத்தால் இஎக்ஸ்இ-க்குப் பதில், வேறு நிரலுக்குள் ஏறக்கூடிய டிஎல்எல் பிறக்கும். சிடைப்ஸ் வழியாகப் பைத்தானில் ஏற்றினோம். பிழை 193. இது முறையான வின்32 செயலி அல்ல என்றது விண்டோஸ். கோப்பு சரி, நிரல் சரி. ஆனால் பைத்தான் 64 பிட், கம்பைலர் 32 பிட். தனித்தனியாக ஓடிய வரைக்கும் அந்த வித்தியாசம் யாரையும் உறுத்தவில்லை. ஒரே வீட்டுக்குள் குடிவைத்ததும் ஒத்துவரவில்லை. கம்பைலரை மாற்றினோம். அடுத்து, செயற்கூறின் பெயரே காணோம் என்றது. சி பிளஸ் பிளஸ் கம்பைலர், பெயரோடு அதன் எழுத்தெண்ணிக்கையையும் அது வாங்கும் மதிப்பின் வகையையும் ஒட்டிப் புதுப்பெயர் வைத்துவிடும். சி மொழி முறையில் பெயரை அப்படியே விடு என்று ஒரு வரி எழுதியதும் ஏறியது. எண்ணைக் கொடுத்தாள், ஒன்று என்று பதில் வந்தது. தட்டில் சோறு விழுந்த சத்தம்.

பெயர் என்றதும் ஜாவாவைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே நிரலை ஏற்றும் பொறுப்பு கிளாஸ்லோடர் என்பதன் கையில் இருக்கிறது. நாமே புதிய லோடர் எழுதிக்கொள்ளலாம். ஒரே பெயருள்ள வகுப்பை இரண்டு லோடர்கள் தனித்தனியாக ஏற்றினால் ஜாவாவுக்கு அவை இரண்டும் வேறு வேறு. ‘இன்னதை இன்னதாக மாற்ற முடியாது’ என்ற பிழையில் இரண்டு பக்கமும் ஒரே பெயர் நிற்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் திரையைப் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். நம் ஊர்க்காரர்களுக்குப் புரிய இவ்வளவு நேரம் ஆகக் கூடாது. முத்து வந்தான் என்றால், எந்த ஊர் முத்து என்றுதானே கேட்போம்? கீரனூர் முத்துவும் அறந்தாங்கி முத்துவும் ஒருவரில்லை. லோடர்தான் ஊர்.

இனி சாவி விஷயம். பாடப்புத்தக நிரலுக்குக் கோப்பின் பெயராக, மேற்கோள் குறிக்குள், ‘பாலி & கால்க்’ என்று கொடுத்துப் பார் என்றேன். கம்பைலர் ஏதோ முனகியது. பிறகு கால்குலேட்டர் திறந்தது, ஒன்றுக்கு இரண்டாக. அவள் சிரித்தாள், கொஞ்சம் கழித்துச் சிரிப்பை நிறுத்தினாள். பெயரைக் கொடுக்கும் இடத்தில் கட்டளையைக் கொடுத்தோம், விண்டோஸ் கீழ்ப்படிந்தது. அந்த & குறி ஒரு கட்டளையை முடித்து அடுத்ததைத் தொடங்கும் என்பது பைத்தானுக்குத் தெரியாது. அது சரத்தைக் கோத்ததோடு சரி. கால்குலேட்டர் இடத்தில் கோப்புகளை அழிக்கும் கட்டளை இருந்திருந்தால் அதுவும் ஓடியிருக்கும். கட்டளையை ஒரே சரமாகக் கோக்காமல் பட்டியலாகப் பிரித்துத் தர உதவும் ‘சப்பிராசஸ்’ என்ற தொகுதி பைத்தானிலேயே இருக்கிறது. பாடத்தில் அதைச் சேர்த்தால் நல்லது.

2021 டிசம்பரில் உலகம் முழுக்க நிர்வாகிகளைத் தூங்கவிடாமல் அடித்த லாக்ஃபோர்ஷெல் ஓட்டை இதே ஜாதிதான். லாக்ஃபோர்ஜே என்பது நடந்ததைப் பதிவேட்டில் எழுதி வைக்கும் ஒரு கணக்குப்பிள்ளை நிரல். எழுத வேண்டிய வரியில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் முகவரி இருந்தால், அது எழுதுவதை விட்டுவிட்டு அந்த முகவரிக்குப் போய், அங்கிருக்கும் ஜாவா வகுப்பை எடுத்துவந்து ஏற்றிவிடும். யார் வேண்டுமானாலும் தன் பெயர் இடத்தில் அந்த முகவரியை எழுதலாம். அபாய அளவு பத்துக்குப் பத்து என்று மதிப்பிட்டார்கள்.

2024 ஜூலை 19 இன்னொரு பாடம். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு நிரலுக்கு வந்த ஒரு சிறு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது நிரல் அல்ல, உள்ளடக்கம் மட்டுமே என்று கருதியதால், நிரலுக்குரிய படிப்படியான வெளியீடு அதற்கு நடக்கவில்லை. ஆனால் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் உட்கார்ந்திருந்த ஓர் இன்டர்பிரெட்டர் அதைப் படித்து நடந்துகொண்டது. 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்தில் கொடுக்கப்பட்டவை 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி வெளியே கை நீட்டியதும் கணினி விழுந்தது. யாராவது படித்துக் கீழ்ப்படிந்தால் அது நிரல்தான். கோப்பின் வாலில் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் சரி.

இதற்கு மருந்தாக மூன்று வழிகளைப் பார்க்கிறேன். முதலாவது, கதவை மூடுவது. எழுத முடிகிற நினைவகப் பக்கத்தை ஓட்ட முடியாது, ஓட்ட முடிகிற பக்கத்தில் எழுத முடியாது என்ற விதியை ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2003இல் கொண்டுவந்தது. ஜிட் வேலை செய்ய வேண்டுமானால் இந்த விதியில் ஒரு சந்து விட வேண்டும், திருடனும் அந்தச் சந்தைத்தான் தேடுகிறான். ஆப்பிள் 2022இல் கொண்டுவந்த லாக்டவுன் முறையில் உலாவியின் ஜிட்டையே அணைத்துவிடுகிறார்கள். வேகம் போனால் போகட்டும் என்று. இரண்டாவது, வாசலில் சோதிப்பது. லினக்ஸ் கர்னலில் 2014 முதல் வளர்ந்துவரும் ஈபிபிஎஃப் இந்த வகை. வெளியிலிருந்து வரும் நிரல் நினைவகத்தில் எங்கெங்கே கை வைக்கிறது, முடிவில்லாமல் சுற்றுமா என்றெல்லாம் ஏற்றுவதற்கு முன்பே சரிபார்த்து, தேறினால்தான் உள்ளே விடும். மூன்றாவது, உள்ளே விட்டு அறையைப் பூட்டுவது, வெப்அசெம்பிளி மாதிரி. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தாங்களே பைத்தான் எழுதித் தாங்களே ஓட்டுகிற இந்த நாளில் மூன்றாவதையே எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நிரலை ஓட்ட ஓர் இயங்குதளம் வேண்டும் என்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தூரத்தில் குடுமியான்மலை. அங்கே பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக இசைக் குறியீடு வெட்டியிருக்கிறது. எழுத்தமைதியை வைத்து ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். மகேந்திரவர்மன் வெட்டியது என்ற பழைய கருத்தைப் பின்னால் வந்தவர்கள் பலர் ஏற்கவில்லை. 1904இல் கண்டெடுக்கப்பட்டது, பண்டார்க்கர் எபிகிராபியா இண்டிகாவில் பதிப்பித்தார். சுரங்கள் நான்கு நான்காக நிற்கின்றன. ஒரே சுரம் அகரம், இகரம், உகரம், எகரம் ஏறி நான்கு வடிவில் வருகிறது. சில எழுத்துகளின் தலையில் புள்ளி. அந்த உயிர்மாற்றம் சுருதியைக் காட்டுகிறதா, மீட்டும் விதத்தைக் காட்டுகிறதா, புள்ளி எதற்கு என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மாணவர் நலனுக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. மூலநிரல் பாறையில் இருக்கிறது. அதை ஓட்டிய கைகள்தான் இல்லை. 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றபோது, அதில் எழுதிய விளையாட்டுகளும் பாடங்களும் ஒரே இரவில் இப்படித்தான் கல்வெட்டாகின. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழி பைத்தானின் தோளில் நிற்கிறது. 2020 ஜனவரி 1 அன்று பைத்தான் 2 ஓய்வுபெற்றபோது, அந்தத் தோளில் நின்ற எல்லோரும் அடுத்த தோளுக்குத் தாவ வேண்டியிருந்தது.

ஏற்றுவதைவிடக் கடினம் இறக்குவது. எர்லாங் மொழி இதை நேர்மையாகக் கையாள்கிறது. எரிக்சன் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்தது அது, அழைப்பை அறுக்காமல் நிரலை மாற்றியாக வேண்டும். ஒரு தொகுதியின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சேர்ந்தே நினைவகத்தில் இருக்கலாம். மூன்றாவது வந்தால், இன்னும் முதலாவதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பவை கொல்லப்படும். பைத்தானில் இப்படி ஒரு கறார் இல்லை. ஒரு தொகுதியை மறுபடி ஏற்றினாலும், அதன் பழைய செயற்கூறை ஏற்கெனவே பெயர்சொல்லி வாங்கி வைத்திருப்பவர்கள் பழையதையே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஜாவாவில் ஒரு வகுப்பை இறக்க வேண்டுமானால் அதை ஏற்றிய லோடரையே யாரும் தொடாமல் விட வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பயனர்கள் எழுதும் விதிகளை ஒவ்வொரு முறையும் புதிய வகுப்பாகக் கம்பைல் செய்து ஏற்றினோம். இறக்குவதைப் பற்றி யோசிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை, வகுப்புகளுக்கென்று அன்றைய ஜாவா ஒதுக்கியிருந்த பெர்ம்ஜென் என்ற நினைவகப் பகுதி நிரம்பி சர்வர் படுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இரவில் நிறுத்தித் திரும்ப ஓட விடுவதைத்தான் தீர்வு என்று வைத்திருந்தோம். உண்மையில் அந்த விதிகளில் முக்கால்வாசியை ஓர் அட்டவணையில் எழுதி வைத்திருந்தாலே போதும், கம்பைலரே தேவைப்பட்டிருக்காது.

அக்கா மகளிடம் இதைச் சொல்லவில்லை. அவளே அங்கே வந்து சேர்ந்தாள். டிஎல்எல் ஓடிய உற்சாகத்தில் செயற்கூறைக் கொஞ்சம் மாற்றி மறுபடி கம்பைல் செய்தாள். அனுமதி மறுக்கப்பட்டது என்றது திரை. கோப்பு அவளுடையது, கணினியும் அவளுடையது.

“யாரு மாமா புடிச்சு வச்சிருக்கா?”

“நீதான். பின்னாடி பைத்தான் ஜன்னல் தொறந்து கெடக்கு பாரு. ஏத்துன டிஎல்எல்ல அது இன்னும் விடல.”

ஜன்னலை மூடினால் தீரும். ஆனால் அதில் அவள் அரைமணி நேரமாகத் தட்டி வைத்ததெல்லாம் இருந்தது. ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு புதிய கோப்புக்குப் பாலி2 என்று பெயர் வைத்துக் கம்பைல் செய்து, அதே ஜன்னலில் ஏற்றினாள். ஏறியது. பழையதும் உள்ளே, புதியதும் உள்ளே. சாயங்காலம் அக்கா காப்பி குடிக்கக் கூப்பிட்டபோது அந்தக் கோப்புறையில் பாலி7 வரைக்கும் இருந்தது.